ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே

போன வாரம் விஜயகலாவை எங்கே விட்டோம்? கித்துல்கல கடைத்தெருவில், ஜஸீலின் தட்டச்சுக் கடை வாசலில், கையில் குடையும் முகத்தில் குழப்பமுமாக விட்டோம். "அக்கா, இந்த வரிசையில வாசிச்சா நடுவர் மூணாவது அத்தியாயத்துலயே தூங்கிருவாரு" என்று ஜஸீல் சொன்னதை வாங்கிக்கொண்டு அவள் தோட்டத்துக்கு ஏறிப் போனாள். நமக்கு ஒரு வாரம் ஓடிவிட்டது. அவளுக்கு ஒரே ஒரு இரவுதான் போயிருக்கிறது.

இந்த வாரம்தான் வந்து சேர்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. விஜயகலா கல்லெல்லத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவின் ஆயம்மா. தாய்மார் ரப்பர் பால் வெட்டப் போகும்போது கைப்பிள்ளைகளை அவளிடம் விட்டுப் போவார்கள். வயது முப்பத்தெட்டு. கணவன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. மாதம் ஒரு முறை வருவான். இந்த வாரம் வரமாட்டான், நமக்கும் அவன் தேவைப்பட மாட்டான்.

பிள்ளைகள் பகலில் தூங்கும் நேரத்தில், ஆறு வருடமாக, அவள் ஒரு நாவல் எழுதினாள். மொத்தம் இருபத்தோரு அத்தியாயம். கொழும்புப் பதிப்பகம் ஒன்று போட்டி வைத்திருக்கிறது. தேர்வாகும் நாவல் புத்தகமாக வரும். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி, மின்னஞ்சலில் போய்ச் சேர வேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

கதை என்ன கதை? டீச்சராக வேண்டிய ஒரு தோட்டத்துப் பெண். நேர்முகப் பரீட்சைக் கடிதத்தைத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் மேசை லாச்சிக்குள் போட்டு மறந்துவிடுகிறார். கடிதம் கைக்கு வந்தபோது பரீட்சை முடிந்து ஒன்பது நாள். அந்தப் பெண் யார் என்று தோட்டத்தில் எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். விஜயகலா பெயர்களை மாற்றியிருக்கிறாள், மூக்குகளை மாற்றவில்லை.

காலை ஒன்பதரை மணி. பிள்ளைகள் இல்லாத பிள்ளைக் காம்பராவின் தரை முழுவதும் அத்தியாயங்கள் கிடந்தன. காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு பால் கோப்பையைக் கவிழ்த்து வைத்திருந்தாள். கோப்பை பதினாறுதான் இருந்தது. மீதி ஐந்தின் மேல் செருப்பு, சீப்பு, பவுடர் டப்பா என்று கைக்குக் கிடைத்தது எல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தன.

"என்னாக்கா இது? நிவாரணம் குடுக்கப் போறியா?"

தம்பி நிரோஷன் வாசலில் நின்றான். இருபத்தொன்பது வயது. ஆற்றில் வெள்ளைக்காரர்களை ரப்பர் படகில் ஏற்றி இறக்குகிறவன். நேற்றைய மழையில் தண்ணீர் ஏறிவிட்டதால் இன்று படகு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பது அவனுக்குப் பழக்கமில்லாததால் அக்காளைத் தேடி வந்திருந்தான்.

"வருஷ வரிசையில அடுக்கணும்டா தம்பி. ஜஸீல் சொல்லிட்டான்."

"இப்ப எந்த வரிசையில இருக்கு?"

"ஞாபகம் வந்த வரிசையில."

நிரோஷன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இரவெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டாள், ஜஸீல் சொன்னது சரிதான். முதல் அத்தியாயத்தில் செத்துப்போன தாத்தா ஒன்பதாம் அத்தியாயத்தில் எழுந்து வெற்றிலை கேட்கிறார். கல்யாணம் முடிந்து நாலு அத்தியாயம் கழித்துக் கதாநாயகி வயசுக்கு வருகிறாள். எழுதும்போது அது அழகாகத்தான் இருந்தது. நினைவு அப்படித்தானே வருகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓர் அத்தியாயம் எங்கே முடியவேண்டும் என்பதைக்கூட அவள் முடிவு செய்ததில்லை. தூங்குகிற பிள்ளைகளில் எது முதலில் விழித்து அழுகிறதோ அதுதான் முடிவு செய்தது. சில அத்தியாயம் பதினாறு பக்கம். பேதி பிடித்த பிள்ளை வந்திருந்த வாரத்து அத்தியாயம் இரண்டே பக்கம்.

"சரி, வருஷத்த சொல்லு. நான் நம்பர் போடுறேன்" என்று நிரோஷன் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

அங்கேதான் சிக்கல். தோட்டத்தில் யாருக்கும் வருடம் நினைவில் இருக்காது. தோட்டத்தை நடத்திய துரை நினைவில் இருப்பார். எந்தத் துரை காலத்தில் நடந்தது என்று கேட்டால் கல்யாணம், சாவு, வெள்ளம், வேலைநிறுத்தம் எல்லாவற்றையும் பிசகாமல் சொல்வார்கள். வருடத்தைக் கேட்டால் ஆளுக்கொரு வருடம் வரும்.

"தாத்தா செத்தது?"

"நாய் வளத்த துரை."

"லயத்து வீடெல்லாம் பத்துனது?"

"அதுக்கடுத்தவரு. மோட்டார் சைக்கிள் துரை."

"இந்தக் காமன் கூத்து?"

"தாடிக்கார துரை. அவருதானே பந்தலுக்கு தகரம் குடுத்தாரு."

"லெட்டர் லேட்டா வந்தது?"

"அதுவும் தாடிக்கார துரைதான்."

இப்படித் துரை துரையாகப் பிரித்து, ஒரு துரைக்குள் நடந்ததை மழையும் வெயிலும் வைத்துப் பிரித்து, பதினொரு மணிக்குள் இருபத்தொன்றையும் சுவரோரமாக நீள வரிசையில் வைத்துவிட்டார்கள். பழைய பன்னிரண்டாம் அத்தியாயம் புது வரிசையில் ஏழானது. பழைய ஏழு, எட்டானது. காமன் கூத்தும் கடிதமும் அடுத்தடுத்துக் கிடந்தன.

நிரோஷன் தேத்தண்ணீர் போடப் போனான். அவள் ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தையும் அடுத்ததன் முதல் பக்கத்தையும் வாசித்து, ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏழின் கடைசிப் பக்கம் அவளுக்கு மிகப் பிடித்த இடம். கதையில் வரும் அப்பா, மன்மதன் எரிந்த கதையைப் பல இரவு ஆடும் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுகிறார். நிஜத்திலும் அப்படித்தான். அந்த வருடம் ரதியாக ஆட வேண்டிய பையன் வேலை கிடைத்துப் போய்விட, நாற்பத்திரண்டு வயது ராமச்சந்திரன் மீசையை எடுத்துவிட்டு அழுதுகொண்டே சேலை கட்டினார். அந்தப் பக்கத்தில், அப்பாவின் முகத்துச் சாயம் காயவில்லை என்று சின்னத்தம்பி எங்கிருந்தோ ஒரு பழுப்புக் கவரை எடுத்து வந்து விசிறுகிறான். சிங்க முத்திரை போட்ட பெரிய கவர். அப்பா பதறிப்போய்ச் சாயக் கையாலேயே அதைப் பிடுங்கி வேஷப் பெட்டிக்குள் திணிக்கிறார். தம்பி ஓட, சேலை கட்டிய அப்பா துரத்த, லயமே சிரிக்கிறது.

எட்டின் முதல் பக்கம். பரீட்சை முடிந்து ஒன்பதாம் நாள் கதாநாயகியின் கைக்குக் கடிதம் வருகிறது. பழுப்புக் கவர். சிங்க முத்திரை. மூலையில் சிவப்பாக ஒரு விரல் கறை. வெற்றிலை போடும் கிளாக்கரின் விரல் என்று எழுதி, அதன் மேல் ஒரு பக்கம் கோபத்தையும் கொட்டியிருந்தாள்.

அவள் மறுபடி ஏழைப் படித்தாள். பிறகு எட்டை. இரண்டையும் எழுதியது அவள் கைதான். எழுதிய நாட்களுக்கு நடுவில் ஒன்றரை வருடம் இருந்தது. பழைய வரிசையில் இடையே நாலு அத்தியாயமும் ஒரு கல்யாணமும் கிடந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகுதான் அவளுக்குக் கண் தெரிந்தது.

நிரோஷன் இரண்டு கோப்பையோடு வந்தான். "என்னாக்கா, ஒட்டலையா?"

"தம்பி, அப்பா ரதி வேஷம் போட்டப்ப நீ ஒரு கவரால விசிறுனியே. ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? அப்பா சீலைய தூக்கிக்கிட்டு தொரத்துனாரே. நாலு நாளு எனக்கு முதுகு வலிச்சுச்சு."

"அது என்னா கவரு?"

"யாருக்குத் தெரியும்? சிங்கம் போட்டுருந்துச்சு. அதான் எடுத்தேன்."

"நம்ம வீட்டுக்கு அந்த வயசுல சிங்கம் போட்ட கவரு எத்தன வந்துருக்கு?"

நிரோஷன் யோசித்தான். தேத்தண்ணீரைக் கீழே வைத்தான். "ஒன்னோட இன்டர்வியூ லெட்டரு ஒண்ணுதான்" என்றான், பாதியிலேயே குரல் இறங்கிப்போய்.

அப்பா முதன்முதலாக ரதி வேஷம் கட்டிய இரவு பரீட்சைக்கு முன்னால். கவர் அப்போதே வீட்டில் இருந்திருக்கிறது. அப்பாவின் வேஷப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

விஜயகலாவுக்கு எதுவும் பிடிபடவில்லை. பதினெட்டு வருடமாக அவள் அந்தக் கிளாக்கரின் முகத்தைப் பார்த்ததில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் சாக்கடையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவாள். நாவலில் அவருக்கு மூன்று அத்தியாயம் கொடுத்து நாறடித்திருந்தாள். அவள் அம்மா இருளாயி ஒருபடி மேலே போய், ஆபீஸ் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியவள். அப்பாவா? எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அப்பாவா? ஓ.எல். பரீட்சைக்கு விடிகாலையில் டோர்ச் பிடித்துக்கொண்டு பாதி மலை கூடவே இறங்கி வந்த அப்பாவா?

"அக்கா, பழைய வரிசையிலயே அனுப்பிரு" என்றான் நிரோஷன்.

"ஜஸீல் என்னா சொன்னான்?"

"ஜஸீலுக்கு என்னா தெரியும்? பழைய வரிசையில ஒருத்தருக்கும் இது வெளங்காது. ஒனக்கே ஆறு வருஷமா வெளங்கல. இப்பிடி பக்கத்துல பக்கத்துல வச்சா, எழுத்து தெரிஞ்ச எல்லாரும் புடிச்சிருவாங்க. புஸ்தகம் வந்தா மொத ஆளா நம்ம தோட்டத்துலதான் வாசிப்பாங்க. அப்பா கோயில் கமிட்டில இருக்காரு. எப்பிடி தலை நிமுந்து நடப்பாரு?"

"அப்ப கிளாக்கர் மட்டும் நடக்கலாமா தலைய தொங்கப் போட்டுக்கிட்டு?"

"எனக்கு ஒண்ணும் தெரியலக்கா" என்றான் அவன். பழைய வரிசையில் அனுப்பினால் நாவல் தோற்கும், அப்பா தப்பிப்பார். புது வரிசையில் அனுப்பினால் நாவல் நிற்கும், அப்பா விழுவார். ஐந்து மணிக்குள் இரண்டில் ஒன்று.

வீட்டுக்குப் போனபோது ராமச்சந்திரன் சமைத்து முடித்திருந்தார். இருளாயி அவிசாவளையில் தங்கை பேரனுக்குக் காதுகுத்து என்று போனவள், இன்று பின்னேரம்தான் வருவாள். பெண்டாட்டி இல்லாத நாளில் அவர் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் மட்டும் செய்வார். சம்பலில் உறைப்பு எப்போதும் கூடித்தான் போகும்.

"முடிஞ்சுதா புள்ள, புஸ்தகம்?"

"அடுக்கிக்கிட்டு இருக்கேன்ப்பா."

அவர் பரிமாறினார். அவள் அவர் விரல்களைப் பார்த்தாள். பால்வெட்டுக் கத்தி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். நேராகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்தாள். வாய்க்கு வந்தது வேறு.

"அப்பா, நீங்க ரதி வேஷம் போட்டது எந்த வருஷம்?"

கரண்டி பாதியில் நின்றது. தோட்டத்தில் ஒருவருக்கும் வருடம் தெரியாது என்று சொன்னேன் அல்லவா? ராமச்சந்திரன் வருடத்தைச் சொன்னார். மாதத்தைச் சொன்னார். கூத்துக்குக் கம்பம் ஊன்றிய கிழமையையும் சொன்னார். சொல்லிவிட்டு, "எதுக்கு கேக்குற?" என்றார்.

"கதைக்கு."

"ம்" என்றார். மறுபடி பருப்பை அள்ளிப் பரிமாறினார். நிரோஷன் மட்டும் சம்பல் உறைக்கிறது என்று மூன்று தரம் சொன்னான்.

மூன்றரை மணிக்கு அக்காளும் தம்பியும் முச்சக்கர வண்டியில் கடைத்தெருவுக்கு இறங்கினார்கள். அவள் கைப்பையில் இரண்டு தாள் இருந்தது. ஒன்றில் பழைய வரிசை, மற்றதில் புது வரிசை. நாவல் முழுவதும் ஏற்கெனவே ஜஸீலின் கணினியில் இருந்தது. வரிசையைச் சொன்னால் அவன் அடுக்கி அனுப்பிவிடுவான்.

பாதி வழி வந்த பிறகு, பிள்ளைக் காம்பராவைப் பூட்டாமல் வந்தது நினைவுக்கு வந்தது. திரும்ப நேரமில்லை.

ஜஸீல் முப்பத்தைந்து வயதுக்காரன். அடையாள அட்டைப் படம், போட்டோப் பிரதி, கல்யாணக் கார்டு எல்லாம் அந்தச் சின்னக் கடையில்தான். விஜயகலாவின் நாவலைத் தட்டச்சு செய்யத் தொடங்கியபோது வேலையாகச் செய்தான். ஐந்தாம் அத்தியாயத்துக்குப் பிறகு, அடுத்தது எப்போது வரும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டான்.

"வாங்கக்கா. வரிசை ரெடியா? நேரம் போகுது."

அவள் இரண்டு தாளையும் மேசையில் வைத்தாள்.

"ரெண்டு தாள் ஈக்கிதே. எது?"

"கொஞ்சம் இரு ஜஸீல்."

"நான் இருப்பன். அஞ்சு மணி இருக்காதே."

அவள் பழைய வரிசைத் தாளை எடுத்தாள், வைத்தாள். புதியதை எடுத்தாள். ஒரு தாய் வந்து மகளின் பிறப்புச் சான்றிதழைப் பிரதி எடுத்துக்கொண்டு போனாள். நாலு மணி ஆனது. நாலேகால் ஆனது. இந்த நாவலை எழுதாமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. எழுதாமல் இருந்திருந்தால் அப்பா அப்பாவாகவே இருந்திருப்பார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஜஸீல் முன்னால் அழ வெட்கமாக இருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

"அக்கா" என்று நிரோஷன் மெதுவாக அவள் தோளைத் தொட்டான்.

கடை வாசலில் ராமச்சந்திரன் நின்றார். கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை. குறுக்குப் பாதையில் நடந்தே இறங்கியிருக்கிறார், கால்சட்டை முழங்கால் வரை சேறு. மூச்சு வாங்கியது.

"புள்ளக் காம்பரா தொறந்து கெடந்துச்சு. பூட்டப் போனேன்" என்றார். "சுவரோரமா அடுக்கி வச்சிருந்தத வாசிச்சேன்."

அவர் மேசையில் கிடந்த இரண்டு தாளையும் பார்த்தார்.

"வருஷ வரிசையே சரி. அதையே அனுப்பு. ஆனா ஒரு அத்தியாயம் கொறையுது விஜி. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல. அத நீ எழுதல. ஒனக்குத் தெரியாது."

ஜஸீல் எழுந்து அவருக்கு நாற்காலியைக் கொடுத்தான். அவர் உட்காரவில்லை.

"கவரு ஆபீசுல கெடக்கல. வந்த அன்னைக்கே கிளாக்கரய்யா கூப்புட்டு எங்கையில குடுத்தாரு. சிங்களத்துல இருந்துச்சு. எனக்கு பேசத்தான் வரும், வாசிக்க வராது. அவருதான் வாசிச்சு சொன்னாரு. பன்னண்டாந் தேதி கொழும்புல இன்டர்வியூ, புள்ளய அனுப்பி வச்சிருங்க ராமச்சந்திரன்னாரு."

"அப்பறம்?" என்றாள் விஜயகலா.

"எனக்கு காப்பு கட்டி மூணு நாளு. காப்பு கட்டிட்டா கூத்து முடியிற வரைக்கும் தோட்டத்து எல்லைய தாண்டக்கூடாது. நான் கூடப் போக முடியாதேய்யா, தனியா எப்பிடி அனுப்புறதுன்னேன். அதுக்கு அவரு, நான் கூட்டிட்டுப் போறேன், எம் பொஞ்சாதியும் வருவா, ரெண்டு பேருமா கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வர்றோம்னாரு."

"அதுக்கு நீங்க என்னா சொன்னீங்க?"

"யோசிச்சு சொல்றேன்னேன். பன்னண்டாந் தேதி வரைக்கும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காப்பு மேல பழிய போட்டேன். நெசம் அது இல்ல. நீ போனா வரமாட்டேன்னு பயம். டீச்சரான புள்ள இந்த லயத்துல, ஒரு காம்பராவுல, எங்களோட எப்பிடி இருக்கும்? சாமிக்கு பயந்த மாதிரி நடிச்சேன். ஒனக்குத்தான் பயந்தேன்."

"ஆபீசுல கெடந்துச்சுன்னு ஏம்ப்பா சொன்னீங்க?"

"கவர குடுத்தப்ப நீ அழுத அழுகையில வாயில வந்துருச்சு. அன்னைக்கி சாயந்தரமே கிளாக்கரய்யா கால்ல போயி விழுந்தேன். சரி, எம்மேலயே இருக்கட்டும், ஒரு நாளைக்கு நீங்களே சொல்லிருங்கன்னாரு. பதினெட்டு வருஷமா அவரு காத்துக்கிட்டு இருக்காரு. ஒங்கம்மா ஆபீஸ் வாசல்ல மண்ண வாரித் தூத்துனப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். வாயத் தொறக்கல."

விஜயகலாவுக்குக் கோபம் வந்தது. அதோடு, சேற்றுக் காலோடு நிற்கிற அறுபது வயது மனிதர் மேல் இரக்கமும் வந்தது. இரண்டில் எது பெரிது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"எனக்கு இப்ப ஒங்க மூஞ்சிய பாக்க முடியலப்பா."

"பாக்க வேணாம். எழுது."

அப்போதுதான் மூவரும் கவனித்தார்கள். ஜஸீலின் விரல்கள் விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்தன. அவர் பேசத் தொடங்கியதிலிருந்து அவன் நிறுத்தவேயில்லை.

"நான் கேட்டத அப்பிடியே அடிச்சுட்டேன்க்கா. ஒங்கட அழகான தமிழ் இல்ல. அவருட வாய்ப் பேச்சு. மாத்தவா?"

அவள் திரையைப் பார்த்தாள். ஒன்றரைப் பக்கம். ஆறு வருடத்தில் அவள் எழுதிய எதையும்விட அது நேராக இருந்தது. ஒரு சொல்லைக்கூட அவளால் தொட முடியவில்லை.

"மாத்தாத. பேரு மட்டும் கதையில உள்ள பேரா மாத்து."

"எங்க போட?"

"நடந்த எடத்துலயே போடு. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல."

"அப்ப பின்னால கிளாக்கர ஏசுற மூணு அத்தியாயம்? அத எடுக்கணுமே? நேரமில்லக்கா, பதினேழு நிமிஷந்தான் ஈக்கி."

விஜயகலா யோசித்தாள். காலையிலிருந்து இடியாப்பமாகக் கிடந்த தலைக்குள் ஒரு இழை மட்டும் தனியாகப் பிரிந்து வந்தது.

"எடுக்காத. அவ அப்பிடித்தான் நம்புனா, அப்பிடியே ஏசட்டும். அவளுக்குத் தெரியாது. வாசிக்கிறவங்களுக்கு இப்ப தெரியும்."

ஜஸீல் ஒரு கணம் அவளைப் பார்த்தான். "அல்லாஹ்! அப்ப அந்த மனுஷன் வார ஒவ்வொரு எடத்துலயும் வாசிக்கிறவங்களுக்கு வயிறு எரியுமே."

"எரியட்டும். எனக்கும் எரியுது."

ஒரு எழுத்து மாறாமல் மூன்று அத்தியாயமும் மாறிப்போயின. இருபத்திரண்டு அத்தியாயத்தோடு நாவல் நாலு ஐம்பத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜஸீல் பெருமூச்சு விட்டான். நிரோஷன் சோடா வாங்கி வந்தான். யாரும் குடிக்கவில்லை. புத்தகம் வருமா வராதா என்பது மூன்று மாதம் கழித்துத் தெரியும். விஜயகலாவுக்கு அது இப்போது இரண்டாவது கவலையாகிவிட்டது.

அப்பாவும் மகளும் கடையின் இரண்டு மூலையில் இருந்தார்கள். கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

ராமச்சந்திரன் தலையை ஆட்டினார். தெரியாது.

அந்த நேரம் பார்த்து நிரோஷனின் போன் அடித்தது. அம்மாதான். இருளாயி போனில் பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை, பக்கத்துக் கடைவரை கேட்கும்.

"டேய், பஸ் எட்டியாந்தோட்டைய தாண்டிருச்சு. ஸ்டாண்டுக்கு யாரு வாறீங்க? பை ரெண்டு இருக்கு."

"வாறோம்மா. என்னா மூச்சு வாங்குது?"

"நின்னுக்கிட்டே வாறேன்டா. அவிசாவளையில ஏறுனதுலருந்து நின்னுக்கிட்டுத்தான் வாறேன். காலு ரெண்டும் வீங்கிப் போச்சு."

"சீட்டு இல்லையா?"

"சீட்டுக்கு என்னா கொறச்சல்? அந்த கிளாக்கரு இருக்கானே, அவன் மருந்தெடுக்க வந்துட்டு இதே பஸ்ல வாறான். என்னைய கண்டதும் எந்திரிச்சு, ஒக்காருங்கம்மா, ஒக்காருங்கம்மாங்குறான். அவன் குடுத்த சீட்டுல நான் ஒக்காருவேனா? இப்ப அவனும் நிக்கிறான், நானும் நிக்கிறேன், சீட்டு சும்மா வருது."

நிரோஷன் போனைக் காதிலிருந்து எடுத்து அப்பாவைப் பார்த்தான். விஜயகலாவும் பார்த்தாள். இத்தனை நேரத்துக்குப் பிறகு அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நான் போறேன்" என்றார் ராமச்சந்திரன். "நீங்க ரெண்டு பேரும் வர வேணாம்."

சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு அவர் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். பஸ் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.